ஸ்டார்ட்அப் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: மார்க்கெட்டிங், நேரம், ஏஐ

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு கம்பெனி நடத்துபவர்களுக்காக எழுதியது இது. கோடிக்கணக்கில் முதலீடு வாங்கியவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க இரண்டு தொழில்களை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று, பெரிய ஆடை கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குச் சம்பளக் கணக்கும் டெலிவரி சலானும் போட்டுத் தரும் மொபைல் ஆப். இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் முறுக்கு, தட்டை விற்கும் ஒரு சின்னக் கம்பெனி. உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

ஆப் தயார். மார்க்கெட்டிங்குக்கு ஆள் போடலாமா, ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதல் ஐம்பது வாடிக்கையாளர் வரும்வரை விற்கிற வேலை உங்களுடையது. விற்கப் போகும்போதுதான் என்ன விற்க வேண்டும் என்பதே தெரியவரும், அந்த அறிவை மாதச் சம்பளத்துக்கு வரும் ஒருவரிடம் விட்டுவிட்டால் அவர் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். ஏஜென்சிக்கு உங்கள் பொருளைப் பற்றித் தெரிந்தது நீங்கள் அனுப்பிய பிபிடி மட்டும்தான். யூனிட் ஓனர் ஒருவர் "பீஸ் ரேட்ல அட்வான்ஸ் கழிச்சு வருமா?" என்று, அதாவது தைத்த துணி எண்ணிக்கைக்கான கூலியில் முன்பணம் கழியுமா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற ஆப்தான் திருப்பூரில் விற்கும்.

அங்கே யூனிட்டுகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை. அன்று சாயங்காலம் டெமோ காட்டப் போனால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது, அதனால் டெமோவைத் திங்கள், செவ்வாயில் வையுங்கள். ஆனால் ஏதாவது ஒரு சனிக்கிழமை "அண்ணா, ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டு உட்கார்ந்து பாருங்கள். எந்த நோட்டில் எழுதுகிறார்கள், பீஸ் எண்ணிக்கையை யார் சொல்கிறார், எந்த வரியில் தகராறு வருகிறது, ஓனர் கால்குலேட்டரில் எதை இரண்டு தடவை அடித்துப் பார்க்கிறார் என்பதையெல்லாம் அங்கேதான் பார்க்க முடியும். அடுத்து என்ன வசதி செய்வது, விளம்பரத்தில் என்ன எழுதுவது இரண்டுக்கும் அந்த ஒரு சாயங்காலம் போதும்.

சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு குடும்பத் தொழிலிலிருந்து வெளியே வந்து, பிறகு சிக் ஷாம்புவை வளர்த்தவர். ஊர் ஊராகப் போய், ஒரு சிறுவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசிக் காட்டி, கூடியிருந்தவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி சாஷேகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள், முதலில் எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டு, பிறகுதான் சிக் சாஷே மட்டும் என்று மாற்றினார்கள். வாங்குகிறவர் எதை நம்புவார் என்பதை நேரில் பார்த்தவருக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

நேரில் போகிறேன், எல்லோரும் "நல்லா இருக்கு தம்பி" என்கிறார்கள், ஆனால் யாரும் வாங்குவதில்லை. ஏன்?

கேள்வியை மாற்றுங்கள். "இப்படி ஒரு ஆப் இருந்தா வாங்குவீங்களா?" என்று ஒரு இளைஞர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அது மரியாதை. அதற்குப் பதிலாக, போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். "போன சனிக்கிழமை கணக்கு முடிக்க எத்தனை மணி ஆச்சு? யார் போட்டாங்க? தப்பு வந்துச்சா, வந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் வருவதெல்லாம் நடந்த விஷயம். மணிக்கணக்கில் ஆகிறது, மாதாமாதம் தகராறு வருகிறது, அதற்காக ஒரு பெண்ணைக் கணக்கு எழுத வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர் ஏற்கெனவே அந்தப் பிரச்சினைக்குப் பணம் செலவழித்துக்கொண்டிருக்கிறார், அவர்தான் உங்கள் வாடிக்கையாளர். "அதெல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்கிறவர் எவ்வளவு பாராட்டினாலும் வாங்க மாட்டார்.

பிறகு அங்கேயே பணம் கேளுங்கள். முழு விலை வேண்டாம், 500 ரூபாய் அட்வான்ஸ் போதும், யுபிஐயில். கொடுத்தால் வாடிக்கையாளர். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றால் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து வராதீர்கள்.

குறை சொல்கிற இடங்களையும் படியுங்கள், போட்டியாளரின் பிளே ஸ்டோர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று. 2010-ல் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளான ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் ஹேக்கர் நியூஸ் தளத்தில் எழுதியதைப் படித்துத்தான் கிரிஷ் மாத்ருபூதத்துக்கு அதே வேலையைச் செய்யும் ஃப்ரெஷ்டெஸ்க் யோசனை பிடித்தது. சென்னையில் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்?

எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு முன்னால், ஒரு ஆர்டரில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். முறுக்கு பாக்கெட் ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது, அதைக் கழித்தால் உங்களுக்கு வருவது சுமார் 286. சரக்கும் கூலியும் 120, டப்பாவும் லேபிளும் 15, கூரியர் 60, பேமென்ட் கேட்வே 7, உடைந்து போவதும் திரும்பி வருவதும் சராசரியாக 10. எல்லாம் போக நிற்பது 74 ரூபாய். விளம்பரம் மூலம் ஒரு ஆர்டர் பிடிக்க 150 ரூபாய் செலவானால் அந்த ஆர்டரில் 76 ரூபாய் நஷ்டம். அதே ஆள் இன்னொரு முறை வாங்கினாலும் 2 ரூபாய் குறையும், மூன்றாவது முறை வாங்கும்போதுதான் உங்கள் கைக்குக் காசு வருகிறது.

ஆக, "எவ்வளவு ஒதுக்கலாம்" என்பதற்கு உங்கள் ஆர்டர் பட்டியல்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேருக்கு மேல் தானாகத் திரும்ப வருகிறார்கள் என்றால் விளம்பரத்தை ஏற்றலாம். பத்தில் ஒருவர்தான் வருகிறார் என்றால், விளம்பரச் செலவை நிறுத்திவிட்டு முதலில் ருசியையும் பேக்கிங்கையும் டெலிவரி நேரத்தையும் பாருங்கள். திரும்ப வராத வாடிக்கையாளரை விளம்பரம் போட்டுப் பிடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இரண்டு சின்ன விஷயம். விளம்பரத் தொகைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சாதாரண ஜிஎஸ்டி பதிவு இருந்து, விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால்தான் அது கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, திரும்ப வரும். விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வராது, அதையும் செலவாகவே எண்ணுங்கள். அப்புறம், கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வருகிற பார்சலுக்குப் போக வர இரண்டு பக்கமும் கூரியர் காசு உங்களுடையது. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் அனுப்புவதற்கு முன்னால் போன் செய்து உறுதிப்படுத்துவது அலுப்பான வேலைதான், ஆனால் மிச்சமாகும் காசு கண்ணில் தெரியும்.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினால் போதாதா?

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது நல்ல கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன், உங்களை யார் உண்மையில் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். எங்கிருந்தோ காசு கொடுத்து வாங்கிய எண்களுக்கு அனுப்பாதீர்கள். நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட் செய்தால் எண்ணே முடங்கிவிடலாம், ஆர்டரெல்லாம் அந்த எண்ணில் வருகிற கம்பெனிக்கு அது கடையைப் பூட்டுவதற்குச் சமம்.

எண்ணிக்கை பெருகியபின், மென்பொருள் மூலம் மொத்தமாக மெசேஜ் அனுப்ப உதவும் வாட்ஸ்அப் ஏபிஐக்குப் போகலாம். அங்கே நீங்களாக அனுப்பும் விளம்பர மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, வாசகத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பும் சாதாரண பதிலுக்குக் கட்டணம் இல்லை. அதனால் அவர்கள் பதில் எழுதத் தூண்டுகிற மாதிரி மெசேஜ் எழுதுவது லாபம். "தீபாவளி சிறப்புச் சலுகை!!!" என்பதைவிட "போன தடவை தட்டையில் காரம் அதிகம்னு சொன்னீங்க, இப்போ குறைச்சிருக்கோம், ஒரு பாக்கெட் அனுப்பட்டுமா?" என்பதற்குத்தான் பதில் வரும். வாடிக்கையாளர் சொன்னதைக் குறித்து வைக்க வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே லேபிள் வசதி இருக்கிறது.

இன்ஃப்ளூயன்சர்?

பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கமென்ட்டில் வருகிறவர்கள் எந்த ஊர், என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். "விலை என்ன, ஈரோட்டுக்கு டெலிவரி உண்டா" என்று கேட்கிறவர்கள் இருக்கும் பத்தாயிரம் பேர் கணக்கு, இதய எமோஜி மட்டும் வருகிற ஐந்து லட்சத்தைவிட மேல். பணமோ பொருளோ கொடுத்து வரும் வீடியோ என்றால் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும், விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-லேயே விதி வகுத்திருக்கிறது. குறிப்பிடச் சொல்லி நீங்களே கேளுங்கள். மறைத்துச் செய்து பிறகு வெளியே தெரிந்தால் திட்டு வாங்குவது உங்கள் பிராண்டுதான்.

கூகுளில் தேடினால் ஏஐ பதில்தான் மேலே வருகிறது. இனி இணையதளத்துக்கு எழுதிப் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எதை எழுதுவது என்பது மாறிவிட்டது. "சம்பளக் கணக்கு மென்பொருள் என்றால் என்ன" என்று ஆயிரம் சொல்லில் எழுதினால் அதை ஏஐயே சொல்லிவிடும், உங்கள் பக்கத்துக்கு யாரும் வர மாட்டார்கள். உங்களிடம் மட்டுமே இருக்கிற தகவலை எழுதுங்கள்: விலை எவ்வளவு, இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யுமா, பழைய எக்செல் கணக்கை எப்படி ஏற்றுவது, ஓவர்லாக் மெஷின் டெய்லருக்கு ஒரு ரேட்டும் ஃபிளாட்லாக் மெஷின் டெய்லருக்கு ஒரு ரேட்டும் போட முடியுமா. வாடிக்கையாளர் போனில் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பக்கம். விலையை மறைத்து "தொடர்பு கொள்ளவும்" என்று போடுகிற பழக்கத்தை விடுங்கள், மனிதரும் அதைத் தாண்டிப் போய்விடுவார், ஏஐ கருவியும் விலை போட்டிருக்கிற போட்டியாளரையே எடுத்துக்காட்டும்.

கடையோ அலுவலகமோ இருந்தால் கூகுள் பிசினஸ் புரொஃபைலை இன்றே சரிசெய்யுங்கள், இலவசம்தான். உண்மையான போட்டோ, சரியான நேரம், வேலை செய்யும் போன் எண். ரிவியூவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி என்று ஏஐ கருவிகள்... எதற்குப் பணம் கட்டுவது?

ஏதாவது ஒன்றுக்கு. மூன்றின் இலவச வடிவத்தையும் ஒரு வாரம் உங்கள் உண்மையான வேலையில் வைத்துப் பாருங்கள், கைக்குப் பிடித்ததை மாதச் சந்தாவில் எடுங்கள். வருடச் சந்தா வேண்டாம், சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பர் 30-ல்தான், அதற்குப் பிறகு எது முன்னணி என்பது எத்தனையோ தடவை மாறிவிட்டது.

கருவியைவிட, எந்த வேலைக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நன்றாகச் செய்கிற வேலைகள் இவை: நீங்கள் வாடிக்கையாளருடன் பேசியதை அவர் அனுமதியோடு பதிவு செய்து, எழுத்தாக்கி, "இதில் அவர் குறை சொன்ன இடங்களை அவர் வார்த்தையிலேயே எடுத்துக்கொடு" என்று கேட்பது. எக்செல் ஃபார்முலா. ஜிஎஸ்டி 2பி-யையும் (உங்களுக்கு விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியல்) உங்கள் பர்ச்சேஸ் பதிவேட்டையும் ஒப்பிட்டு விடுபட்ட பில்லைக் கண்டுபிடிக்க ஒரு ஷீட் அமைப்பது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலக் கடிதத்தின் முதல் வடிவம். நீளமான ஒப்பந்தத்தைப் படித்து "எனக்குப் பாதகமான வரிகள் எவை" என்று காட்டுவது, பிறகு அந்த வரிகளை வக்கீலிடம் கொண்டுபோவது.

செய்யக் கூடாதவையும் உண்டு. சந்தையின் அளவு, போட்டியாளரின் வருமானம், சட்டப் பிரிவு எண் என்று கேட்டால் இல்லாததையும் அடித்துச் சொல்லிவிடும். 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக இரண்டு வக்கீல்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. முதலீட்டாளரிடம் கொடுக்கிற பிட்ச்சில் ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார். வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று ஏஐயிடம் கேட்டு முடிவெடுக்கிற பழக்கமும் பரவிவருகிறது. அது வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் அவிநாசி ரோட்டில் இருக்கிறார், போய்க் கேளுங்கள்.

ஏஐ எழுதும் தமிழ் விளம்பரம் ஏன் எடுபடுவதில்லை?

"எங்கள் தீர்வின் மூலம் உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்!" இந்த வரியை எந்த யூனிட் ஓனரும் வாழ்க்கையில் பேசியதில்லை. ஆங்கில விளம்பரங்களைப் படித்து வளர்ந்த கருவி, கேட்டவுடன் அதன் நிழலைத் தமிழில் கொடுக்கிறது. "சனிக்கிழமை சம்பளக் கணக்கு போட்டு முடிக்க ராத்திரி ஆகுதா?" என்று எழுதினால் அந்த ஓனர் விரலை நிறுத்திப் படிப்பார்.

இதற்கு வழி, தமிழை ஏஐயிடம் கேட்காமல் நீங்கள் கொடுப்பது. வாடிக்கையாளர்கள் பேசிய இருபது வாக்கியங்களை அப்படியே போட்டு, இந்தச் சொற்களை விட்டு வெளியே போகாமல் ஐந்து தலைப்பு எழுது என்று சொன்னால் ஓரளவு உருப்படியாக வரும். அதிலும் கொங்குத் தமிழைப் போலச் செய்யச் சொல்லாதீர்கள், ஊர்க்காரர் காதுக்கு உடனே இடறும். கடைசியாக ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், ல ள ழ, ர ற மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சுக்குப் போன லேபிளில் பிழை இருந்தால் மொத்தமாகத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

ஏஐயை உங்கள் ஆப்புக்குள்ளேயே வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தக் கருவிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி எண்ணித்தான் காசு வாங்குகின்றன, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்வதைவிடத் தமிழில் சொன்னால் துண்டுகள் அதிகம். 2024 மே மாதம் வந்த, சாட்ஜிபிடி நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாடலில் தமிழுக்கான துண்டுகள் முந்தைய மாடலைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தன. மாடலுக்கு மாடல் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், உங்கள் உண்மையான தமிழ் உரையாடல்களைப் போட்டுச் செலவை அளந்துவிட்டு அப்புறம் விலை நிர்ணயியுங்கள்.

வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்ல ஏஐ சாட்பாட் வைக்கலாமா?

நேரம், விலாசம், ஆர்டர் எங்கே இருக்கிறது போன்றவற்றுக்கு வைக்கலாம். பணம் திரும்பத் தருவது, தள்ளுபடி, உத்தரவாதம் பற்றி அது தன் இஷ்டத்துக்குப் பேச விடாதீர்கள். ஏர் கனடாவின் சாட்பாட், துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியதை பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை, பணம் கொடுக்கச் சொன்னது. உங்கள் பாட் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரிதான்.

அப்புறம் இன்னொன்று. முதல் ஒரு வருடம் புகார்களுக்கு நிறுவனரே பதில் சொல்வது நல்லது. கோபமாக எழுதுகிறவர் உங்கள் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார், அவருக்கு அது சரியாக வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அவரை பாட்டிடம் அனுப்பிவிட்டு "கஸ்டமர் ஃபீட்பேக்" என்று கூகுள் ஃபார்ம் அனுப்புவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

கம்பெனி டேட்டாவை ஏஐயில் போட்டால் வெளியே போய்விடுமா?

என்ன டேட்டா, எந்தக் கணக்கு என்று பாருங்கள். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனி மென்பொருளின் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, இத்தகைய கருவிகளுக்கு அந்நிறுவனம் தடை போட்டது. தனிநபர் கணக்குகளில் உங்கள் உரையாடலை மாடல் பயிற்சிக்கு எடுப்பதை நிறுத்த செட்டிங்ஸில் வழி இருக்கும், முதல் நாளே அதைத் தேடி அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண், ஆதார், பான், தொழிலாளர் சம்பளப் பட்டியல் இவற்றை ஒட்டவே வேண்டாம், பெயரை நீக்கி "தொழிலாளர் 1, தொழிலாளர் 2" என்று மாற்றி ஒட்டினாலும் ஃபார்முலா ஒன்றுதான் வரும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, பெரும்பாலான கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சின்னக் கம்பெனிதானே என்று இருக்காமல், எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம், யார் பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஆப் விற்கப் போனால் அவர்களும் இதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு கோடிங் தெரியாது. ஏஐயை வைத்தே ஆப் செய்துவிடலாமா?

காட்டுவதற்கு ஒரு மாதிரி செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். முன்பு லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்ததை இப்போது ஒரு வாரத்தில் ஓனர் கையில் கொடுத்து "இது மாதிரியா?" என்று கேட்க முடிகிறது, இது உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனால் லாகின், பணம் வாங்குவது, அடுத்தவர் சம்பள விவரத்தைச் சேமிப்பது இந்த மூன்றும் வந்துவிட்டால் அனுபவமுள்ள ஒருவர் கோடைப் படித்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். ஒரு யூனிட்டின் கணக்கு இன்னொரு யூனிட் ஓனருக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஏரியாவில் உங்கள் பெயர் அன்றோடு முடிந்தது, திருப்பூர் மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் செய்தி பரவ ஒரு டீ நேரம் போதும்.

நாள் முழுக்க ஓடுகிறேன், ராத்திரி பார்த்தால் எதுவும் நகரவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலானவர்களுக்கு நாள் போன் கையில் ஏறுகிற இடத்தில் தொலைகிறது. காலையில் எழுந்தவுடன் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அன்றைய வேலையை மற்றவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். வாரத்தில் எல்லா நாளையும் மாற்ற முடியாது, ஆனால் மூன்று நாள் காலை இரண்டரை மணி நேரத்தை மூடி வைக்க முடியும். அந்த நேரத்தில் செய்வது பொருளைச் செய்வது அல்லது விற்பது, இரண்டில் ஒன்று மட்டும். லோகோ நிறம், விசிட்டிங் கார்டு, இணையதள எழுத்துரு எல்லாம் சாயங்காலம். அவசரம் இருந்தால் கூப்பிடுவார்கள், மெசேஜ் அனுப்புகிறவருக்கு மதியம்வரை பொறுக்க முடியும்.

சட்ட வேலைகளையும் தலையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாமல் நேரத்தைத் தின்னும். மாதத்தின் 7-ம் தேதி டிடிஎஸ் (பிறருக்குக் கொடுக்கும்போது பிடித்த வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), ஆள் எண்ணிக்கையால் பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தினால் 15, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்கு). இவற்றைப் போன் காலண்டரில் மூன்று நாள் முன்னதாக வருகிற மாதிரி ஒரு முறை போட்டுவிட்டால் முடிந்தது. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்னைக் காலாண்டுக்கு ஒரு முறை போடும் வழியும் இருக்கிறது, வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: இந்த வாரம் எத்தனை வாடிக்கையாளரிடம் நேரில் அல்லது போனில் பேசினோம், எத்தனை பேர் பணம் கட்டினார்கள், வங்கியில் இருக்கும் பணம் எத்தனை மாதச் செலவுக்கு வரும். மூன்றாவது எண் ஆறுக்குக் கீழே இறங்கினால் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

வேலைகளைப் பட்டியல் போட்டுக் கவனிக்க நோஷன், டிரெல்லோ, ஆசானா... எது நல்லது?

மூன்று பேர் இருக்கிற கம்பெனிக்கு ஒரு நோட்டும் பகிர்ந்த ஒரு ஷீட்டும் போதும். கருவியை அடுக்குவது வேலை செய்த மாதிரியே ஒரு திருப்தியைத் தரும், அதில்தான் ஆபத்து.

ஸ்டார்ட்அப் விழா, பிட்ச் போட்டி எல்லாவற்றுக்கும் போகலாமா?

வாடிக்கையாளர் வருகிற கூட்டத்துக்குப் போங்கள். திருப்பூர் ஆப்புக்கு நிட்டிங் மெஷின் கண்காட்சிதான் கூட்டம், அங்கே ஸ்டால் போடக் காசு இல்லையென்றால் டிக்கெட் எடுத்து உள்ளே நடந்தாலே போதும். ஸ்டார்ட்அப் விழாக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற நிறுவனர்கள். நட்புக்கு நல்லது, மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் நடத்தும் டான்சீட் போன்ற மானியத் திட்டங்களுக்கு மட்டும் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள், அதில் போகிற நேரத்துக்கு அர்த்தம் உண்டு.

வேலை முடித்துக் கொடுத்தும் பெரிய கம்பெனிகள் பணம் தர இழுத்தடிக்கிறார்கள்.

முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள், அரசுத் தளத்தில் முழுக்க இலவசம், கட்டணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்துகிற தளம். 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இதற்கு வருமான வரியிலும் பல் முளைத்திருக்கிறது: கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை, வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

வழக்குக்குப் போனால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று பயம் இருக்கும், நியாயம்தான். அதனால் சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணையும் "45 நாள்" என்பதையும் அச்சடியுங்கள். மார்ச் முதல் வாரத்தில் அவர்களுடைய பர்ச்சேஸ் ஆளை விட்டுவிட்டு அக்கவுன்ட்ஸ் துறைக்கு ஒரு மரியாதையான மெயில் அனுப்புங்கள், பாக்கித் தொகையும் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் போட்டு. ஆண்டு முடிவுக்கு முன்னால் அந்த மெயிலைப் பார்க்கிற கணக்காளருக்கு எதற்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று சொல்லத் தேவையிருக்காது. புதிய வாடிக்கையாளர் என்றால் பாதி அட்வான்ஸ் வாங்காமல் தொடங்கவே வேண்டாம்.

முதல் ஊழியராக யாரை எடுப்பது?

நீங்கள் தினமும் செய்து, எப்படிச் செய்வது என்று எழுதியும் வைத்துவிட்ட வேலைக்கு ஒருவரை. ஆப் கம்பெனியில் அது பெரும்பாலும் புதிய யூனிட்டுக்குப் போய் ஆப்பைப் போட்டுக்கொடுத்து, கணக்கு எழுதுபவருக்குச் சொல்லித்தரும் வேலையாக இருக்கும். அதற்கு எம்பிஏ தேவையில்லை, யூனிட்டில் கணக்கு எழுதிய அனுபவம் இருக்கிற ஒரு பெண் கிடைத்தால் பொறியியல் பட்டதாரியைவிட வேகமாகச் செய்வார், அவர் சொன்னால் எதிரே இருப்பவரும் கேட்பார். சம்பளம் பேசும்போது ஆறு மாதச் சம்பளம் வங்கியில் தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகும் வாரத்தில் ஒரு நாள் அவரோடு வண்டியில் ஏறி யூனிட்டுக்குப் போங்கள், புதிய குறைகள் அங்கேதான் முதலில் காதில் விழும்.